வரியில்லா வட்டியும் வட்டியே: வெளிநாடு சென்ற பிள்ளையின் வங்கிக் கணக்கு

பிஸ்மில்லாஹிர் ரஹ்மானிர் ரஹீம்



சிலமலையிலிருந்தோ போடியிலிருந்தோ ஒரு பிள்ளை வளைகுடாவுக்குப் புறப்படும் நாளில் நம் வீடுகளில் என்ன நடக்கிறது என்பது நாம் அனைவரும் அறிந்ததே. யாசீன் ஓதப்படுகிறது. ஹஜ்ரத் அழைக்கப்பட்டு துஆ கேட்கப்படுகிறது. தாய் பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு, தொழுகையை விட்டுவிடாதே, ஹலாலான இறைச்சி கிடைக்கும் கடையாகப் பார்த்துச் சாப்பிடு என்று அறிவுரை கூறுகிறாள். ஆனால் அவன் வியர்வை சிந்திச் சம்பாதிக்கப்போகும் பணம் எந்தக் கணக்கில், எந்த நிபந்தனையில் போய்ச் சேரும் என்று வீட்டில் ஒருவரும் கேட்பதில்லை. அந்தக் கேள்வியை வங்கி அலுவலர் கேட்கிறார், பதிலையும் அவரே எழுதிக்கொள்கிறார், நாம் கையொப்பமிடுகிறோம்.

சென்ற ரமளானில் அஸர் தொழுகைக்குப் பின் ஒரு பெரியவர் என்னிடம் வந்தார். மகன் ஷார்ஜாவில் வேலை செய்கிறான். அவனுடைய என்.ஆர்.இ. கணக்கில் 12 லட்ச ரூபாய் நிரந்தர வைப்பாக இருக்கிறது. ஜகாத் எவ்வளவு என்று கேட்டார். நூற்றுக்கு இரண்டரை வீதம் 30,000 ரூபாய் என்றேன். அவர் முகம் மலர்ந்தது. "ஹஜ்ரத், ஏழு சதவீதத்தில் வருஷத்துக்கு 84,000 ரூபாய் வட்டி வருது. வரியும் கிடையாது. அதுலேர்ந்தே ஜகாத்தக் கொடுத்தாலும் 54,000 மிஞ்சுது. எல்லாம் அல்லாஹ்வோட பரக்கத்து" என்றார்.

பரக்கத் என்னும் சொல்லை அவர் வைத்த இடம் என் நெஞ்சைச் சுட்டது. அவர் தீயவர் அல்லர். ஐவேளைத் தொழுகையையும் ஜமாஅத்துடன் தொழுபவர். பிழை அவருடையது மட்டும் என்று கூற எனக்கு வாய் வரவில்லை. இருபது ஆண்டுகளாக வட்டியின் கேட்டைப் பேசிவரும் என்னைப் போன்றவர்கள், கந்துவட்டிக்காரனைப் பற்றிப் பேசினோம்; பாஸ்புக்கைத் திறந்து பேசவில்லை. ஆகவே இன்று திறந்தே பேசுகிறேன்.

கணக்குகளின் பெயரும் அவற்றின் உள்ளடக்கமும்

வெளிநாட்டில் வாழும் இந்தியருக்கு நம் நாட்டு வங்கிகள் மூன்று வகைக் கணக்குகளை அளிக்கின்றன. அந்நியச் செலாவணி மேலாண்மைச் சட்டம் 1999இல் இயற்றப்பட்டு 2000 ஜூன் முதல் நடைமுறையில் உள்ளது. அதன்படி, வேலைக்காக வெளிநாடு சென்றவர் தம் பழைய சேமிப்புக் கணக்கை அப்படியே வைத்திருத்தல் ஆகாது. அதை என்.ஆர்.ஓ. கணக்காக மாற்ற வேண்டும். ஊரில் கிடைக்கும் வாடகை, ஓய்வூதியம் போன்றவை அதில் சேரும். அதன் வட்டிக்கு 30 விழுக்காடும் கூடுதல் தீர்வையும் வரியாகப் பிடிக்கப்படும். வெளிநாட்டுச் சம்பளத்தை ரூபாயாக மாற்றி வைப்பது என்.ஆர்.இ. கணக்கு. அசலையும் வட்டியையும் தடையின்றித் திரும்ப வெளிநாட்டுக்கு எடுத்துச் செல்லலாம். வட்டிக்கு இங்கே வருமான வரி இல்லை. அந்நிய நாணயமாகவே ஓராண்டு முதல் ஐந்தாண்டு வரை வைப்பது எஃப்.சி.என்.ஆர். வைப்பு.

நம் பிள்ளைகளில் எத்தனை பேர் பழைய கணக்கை மாற்றினார்கள்? பெரும்பாலோர் மாற்றுவதில்லை. சட்டத்துக்கு முரணாக இருப்பதையும் அறிவதில்லை. ஒப்பந்தங்களை நிறைவேற்றுங்கள் என்பது அல்மாயிதா அத்தியாயத்தின் தொடக்கக் கட்டளை. வாழும் நாட்டின் சட்டத்துக்கு உட்படுவதாக ஏற்றுக்கொண்ட நாம் அதை மீறுவது மார்க்கத்திலும் குறையே.

இனி முக்கியமான செய்தி. என்.ஆர்.இ. கணக்கு என்றாலே வட்டிக் கணக்கு என்று நம் மக்கள் எண்ணிக்கொண்டிருக்கிறார்கள். சேமிப்பு, நடப்பு, தொடர் வைப்பு, நிரந்தர வைப்பு ஆகிய நான்கு வடிவங்களிலும் அதைத் திறக்கலாம். நடப்புக் கணக்குக்கு வட்டி இல்லை. இதை வங்கி அலுவலர் தாமாகச் சொல்வதில்லை. நாமும் கேட்பதில்லை. கேட்காமல் இருந்துவிட்டு "வேறு வழியில்லை, ஹஜ்ரத்" என்கிறோம். வழியைத் தேடாதவன் வழியில்லை என்று கூறுவது எந்தத் தராசில் நிற்கும்?

நாம் கூறும் சாக்குகள்

முதற் சாக்கு: "நாம் கேட்டு வாங்கவில்லை, வங்கி தானாகக் கொடுக்கிறது."

சேமிப்புக் கணக்கில் விழும் சிறு தொகையைப் பற்றி இப்படிக் கூறினால் ஓரளவு செவிமடுக்கலாம். நிரந்தர வைப்புக்கு இது எப்படிப் பொருந்தும்? எந்த வங்கியில் கால் விழுக்காடு கூடுதல் என்று மூன்று கிளைகளில் விசாரித்து, ஆண்டுக் கணக்கைத் தேர்ந்து, படிவத்தில் கையொப்பமிட்டுத்தான் அதை வைக்கிறோம். இது கேட்டு வாங்குவதே. வட்டியை உண்பவரோடு அதைக் கொடுப்பவர், எழுதுபவர், சாட்சி நிற்பவர் ஆகியோரையும் சேர்த்தே நபி (ஸல்) அவர்கள் சபித்தார்கள் என்னும் செய்தி முஸ்லிம் ஹதீஸ் தொகுப்பில் உள்ளது. எழுதிக் கொடுத்தவருக்கே அந்த நிலை எனில், கேட்டு வாங்கி அதைப் பரக்கத் என்று அழைப்பவரின் நிலை என்ன?

இரண்டாம் சாக்கு: "ஹனஃபி மத்ஹபில் இதற்கு இடமுண்டு."

ராவுத்தர் மக்களாகிய நாம் ஹனஃபிகள். எனவே இந்த வாதம் நம் பகுதியில் அடிக்கடி எழுகிறது. தாருல் ஹர்பில் முஸ்லிமுக்கும் அந்நாட்டுப் பிறமதத்தவருக்கும் இடையே ரிபா இல்லை என்னும் கருத்து இமாம் அபூஹனீஃபா, இமாம் முஹம்மத் ஆகியோரின் பெயரால் வருகிறது, மறுப்பதற்கில்லை. அதே மத்ஹபின் தூணான இமாம் அபூயூசுஃப் அதை ஏற்கவில்லை. மற்ற மூன்று இமாம்களும் ஏற்கவில்லை. அதற்கு ஆதாரமாகக் காட்டப்படும் மக்ஹூல் அவர்கள் வழி அறிவிப்பு முர்ஸல் தரத்தது. இவை யாவற்றுக்கும் மேலாக ஒன்று. அரசியல் சாசனத்தின் பாதுகாப்பில் வாழ்கிறோம், வாக்களிக்கிறோம், பள்ளிவாசலில் பாங்கு சொல்கிறோம், அண்டை வீட்டு இந்துச் சகோதரரின் திருமணத்துக்கு மொய் எழுதுகிறோம். வட்டி வாங்கும் நாளில் மட்டும் இதே நாட்டைப் போர்நிலம் என்று அழைப்போமானால் அது ஃபிக்ஹ் ஆகாது. நஃப்ஸின் தந்திரமே ஆகும்.

மூன்றாம் சாக்கு: "பணவீக்கம் பணத்தைத் தின்கிறது, வட்டி அதை ஈடுசெய்கிறது."

பணத்தின் மதிப்பு குறைவது உண்மைதான். அதற்கு மருந்து வணிகம். நம் போடி மக்களுக்கு இதை விளக்கவும் வேண்டுமா? ஏலக்காய் 2019 ஆகஸ்டில் ஏலத்தில் கிலோவுக்கு 7,000 ரூபாயைத் தொட்டது. சில ஆண்டுகளுக்குள் ஆயிரத்துக்கும் கீழே இறங்கியது. வாங்கி வைத்தவர் இழந்தார், பொறுத்திருந்தவர் பின்னர் ஈட்டினார். இந்த ஏற்றத்தையும் இறக்கத்தையும் தோளில் சுமப்பதால்தான் வணிகரின் இலாபம் ஹலாலாகிறது. வைப்பு வைத்தவரோ எந்தச் சுமையையும் ஏற்காமல் தம் பங்கை மட்டும் உறுதி செய்துகொள்கிறார். அல்பகரா அத்தியாயத்தின் 275 முதல் 279 வரையுள்ள வசனங்கள் வணிகத்தையும் வட்டியையும் பிரித்து நிறுத்துவது இந்த இடத்தில்தான்.

நான்காம் சாக்கு: "இந்தியாவில் இஸ்லாமிய வங்கி இல்லையே."

இல்லை என்பது உண்மை. 1949ஆம் ஆண்டின் வங்கி ஒழுங்குமுறைச் சட்டப்படி வங்கி சரக்கு வாங்கி விற்கலாகாது. ஆகவே முராபஹா போன்ற முறைகளுக்கு இடமில்லை. ரகுராம் ராஜன் தலைமையிலான குழு 2008இல் வட்டியில்லா வங்கிச் சேவையைப் பரிந்துரைத்தது. தீபக் மொகந்தி குழு 2015இல் வழக்கமான வங்கிகளுக்குள்ளேயே வட்டியில்லாச் சாளரம் திறக்கலாம் என்றது. 2017இல் ரிசர்வ் வங்கி அந்த முன்மொழிவைக் கைவிட்டது. இதற்காக வருந்தலாம், ஜனநாயக முறையில் கேட்கலாம். ஆனால் துபாய் இஸ்லாமிய வங்கி 1975 முதல் இயங்கும் நகரில் வாழும் நம் பிள்ளை அங்கே எந்தக் கணக்கு வைத்திருக்கிறான்? சவூதியிலும் மலேசியாவிலும் இஸ்லாமிய வங்கிகளுக்குப் பஞ்சமில்லை. அங்கேயும் கடன் அட்டையின் வட்டியில் மூழ்கி, இங்கேயும் வைப்பின் வட்டியை எண்ணுகிறவன், இந்தியாவில் இஸ்லாமிய வங்கி இல்லை என்று அழுவது யாரை ஏமாற்ற?

எதிர்த் திசையில் ஓடுவோருக்கும் ஒரு சொல்

வட்டிக்கு அஞ்சி வேறு பள்ளத்தில் விழுவோரும் நம்மிடையே உள்ளனர். "வங்கியே ஹராம், உண்டியலில் அனுப்பினால் வட்டியும் இல்லை, நல்ல விலையும் கிடைக்கும்" என்கிறார்கள். உண்டியல் வழிப் பணம் சட்ட விரோதம். பணம் நடுவழியில் மறைந்தால் கேட்பதற்கு நாதியில்லை. கையில் கொண்டுவந்து கொடுப்பவர் எந்தப் பணத்தைக் கொடுக்கிறார் என்பதும் நமக்குத் தெரியாது. ஹலாலான சம்பளத்தை இருட்டில் நடத்தி அழைத்து வருவது பேணுதல் ஆகாது.

இன்னொரு பள்ளம் அதனினும் ஆழமானது. "ஷரீஅத் முறைப்படி மாதந்தோறும் இலாபம்" என்று தாடியும் தொப்பியுமாக வீட்டுக்கு வருபவரிடம் ஒப்படைப்பது. பெங்களூருவின் ஐ.எம்.ஏ. நிறுவனம் 2019 ஜூனில் சரிந்தபோது பல்லாயிரக்கணக்கான முஸ்லிம் குடும்பங்கள் மகளின் திருமணத்துக்கும் ஹஜ்ஜுக்கும் சேர்த்ததை இழந்து தெருவில் நின்றன. ஆலிம்கள் சிலரின் சொல்லை நம்பி முதலிட்டோரும் அவர்களில் உண்டு. ஆலிம் என்னும் பெயர் தாங்கிய நான் இதை எழுதும்போது வெட்கத்துடனேயே எழுதுகிறேன். மாதாமாதம் குறையாத இலாபம் எந்த வணிகத்தில் உண்டு? ஏலக்காய் கண்ட ஊர்க்காரர் அதை நம்பலாமா? வங்கி நடப்புக் கணக்கில் உள்ள பணத்துக்கு ஐந்து லட்சம் ரூபாய் வரை வைப்புக் காப்பீடு உண்டு. இவர்களிடம் கொடுத்ததற்கு ஓர் இலாபப் பத்திரம் மட்டுமே உண்டு.

கணக்கில் யார் பெயர்?

வட்டியைப் பேசும் நாம் மறந்துவிடும் மற்றோர் அநீதி இதே படிவத்தில் ஒளிந்திருக்கிறது: நியமனதாரர் என்னும் கட்டம்.

நான் அறிந்த ஒரு வீடு. மகன் மணமாகுமுன் கணக்குத் திறந்தான், அண்ணனை நியமித்தான். பின் மணமாயிற்று, இரு பெண் குழந்தைகள் பிறந்தன. கட்டத்தை மாற்ற அவனுக்கு நினைவு வரவில்லை. வெளிநாட்டிலேயே அவன் மவுத்தானான். இன்னாலில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிஊன். இத்தா முடியுமுன்னரே அண்ணன் பணத்தை எடுத்துவிட்டார். "பேரு என்னோடது, பேங்கே கொடுத்துச்சு" என்றார். விதவை என் மதரஸாவின் வாசலில் வந்து நின்று, "ஹஜ்ரத், பிள்ளைகளுக்கு ஒண்ணுமே இல்லையா?" என்று கேட்டார்.

மனைவி, இரு மகள்கள், தாய், தந்தை. ஃபராயிள் கற்றவர் எவரும் இதை அறிவர். அலீ (ரலி) அவர்கள் மிம்பரில் நின்றபடியே விடை கூறியதாக வரும் மிம்பரிய்யா வழக்கு இதுவேதான். பங்குகள் ஒன்றை மிஞ்சுவதால் அவ்ல் ஏற்பட்டு, மொத்தத்தை 27 பங்காக்கினால் மனைவிக்கு 3, மகள்களுக்கு 16, தாய்க்கு 4, தந்தைக்கு 4. தந்தை உயிருடன் இருக்கையில் அண்ணனுக்கு ஒரு பைசாவும் இல்லை. நாட்டின் சட்டமும் அவருக்குத் துணை நிற்காது. வங்கி வைப்பின் நியமனதாரர் பணத்தைப் பெற்றுக்கொள்பவரே அன்றி உரிமையாளர் அல்லர் என்று உச்ச நீதிமன்றம் 2010இல் தெளிவுபடுத்தியது. நியமனதாரர் அமானிதம் சுமப்பவர். அந்த அமானிதத்தைத் தின்பதும் அநாதையின் செல்வத்தைத் தின்பதும் ஒன்றே. அந்த அண்ணனிடம் ஜமாஅத் பெரியவர்களுடன் மூன்று முறை சென்றோம். பாதி திரும்பியது. மீதி மறுமையில் நிற்கிறது.

மணமானவுடன் நியமனத்தை மாற்றுங்கள். 2025 நவம்பர் முதல் ஒரு கணக்குக்கு நால்வர் வரை நியமிக்கலாம். என்ன கணக்கு, எங்கே, எவ்வளவு என்பதை மனைவியிடம் எழுதிக் கொடுங்கள்.

இதனோடு சேர்ந்த இன்னொன்று. வெளிநாட்டில் வாழ்பவர் இங்கே விவசாய நிலமோ தோட்டமோ விலைக்கு வாங்கலாகாது; வாரிசாகப் பெறலாம். நம் பகுதிப் பிள்ளைகளின் கனவெல்லாம் மலையில் ஓர் ஏலத்தோட்டம். எனவே அத்தா பெயரில் வாங்குகிறார்கள். சட்டச் சிக்கல் ஒரு பக்கம் இருக்கட்டும். அத்தா மவுத்தானால் பத்திரம் சொல்வதை வைத்து எல்லா வாரிசுகளும் பங்கு கேட்பார்கள். உழைத்தவன் ஒருவன், உறவு முறிவது அனைவருக்கும்.

ஆகவே என்ன செய்வது?

வெளிநாட்டில், இஸ்லாமிய வங்கி இருக்கும் நாட்டில் சம்பளத்தை அங்கே பெறுங்கள். ஊரில், பழைய கணக்கை என்.ஆர்.ஓ.வாக மாற்றுங்கள். என்.ஆர்.இ. கணக்கை நடப்புக் கணக்காகக் கேளுங்கள். குறைந்தபட்ச இருப்பு கூடுதலாக இருந்து இயலாவிடில் சேமிப்புக் கணக்கு திறந்து, உபரியைத் தானாகவே நிரந்தர வைப்புக்கு மாற்றும் வசதியை எழுத்து மூலம் மறுத்துவிடுங்கள். அதில் விழும் வட்டியைக் கணக்கிட்டு எடுத்து, நன்மையை எதிர்பாராமல் தேவையுடையோருக்குக் கொடுத்துவிடுங்கள். வங்கியிலேயே விட்டுவிட வேண்டும் என்பாரும் ஆலிம்களில் உண்டு. எடுத்து அப்புறப்படுத்துவதே இக்காலத்து ஃபத்வாக்களில் பெரிதும் காணப்படுவது. நான் கற்பிப்பதும் அதுவே. ஆனால் அது ஜகாத் ஆகாது, ஸதகாவும் ஆகாது. ஜகாத் உங்கள் ஹலாலான முதலிலிருந்து குறைய வேண்டும். குறைவதுதான் அதன் பொருள்.

அந்தப் பெரியவரிடம் இதையே கூறினேன். நீண்ட நேரம் பேசாதிருந்தார். பின்னர், "அப்ப அந்த எண்பத்து நாலாயிரமும் என்னோடது இல்லையா?" என்றார். இல்லை என்றேன். எழுந்து போய்விட்டார். பெருநாளுக்குப் பிறகு மகனையே தொலைபேசியில் பேச வைத்தார். வைப்பை முறித்தால் என்ன ஆகும் என்று மகன் கேட்டான். என்.ஆர்.இ. வைப்பை ஓராண்டுக்கு முன் முறித்தால் வட்டியே கிடையாது என்றேன். "அது நல்லதுதானே, ஹஜ்ரத்" என்றான். இளைஞர்கள் நாம் நினைப்பதைவிட விரைவில் புரிந்துகொள்கிறார்கள். சொல்லத்தான் ஆளில்லை.

இறுதியாக மஹல்லாவுக்கு ஒரு குற்றச்சாட்டு. விடிவதற்கு முன் ஜீப்பில் ஏறி மலைத்தோட்டத்துக்குக் கூலி வேலைக்குச் செல்லும் நம் தெருப் பெண்கள், மருத்துவச் செலவுக்கும் பள்ளிக் கட்டணத்துக்கும் குழுக்கடன் வாங்குகிறார்கள். வட்டி ஆண்டுக்கு 20 விழுக்காட்டுக்கும் மேல். தவணை நாளில் வசூலிக்க வருபவரின் இருசக்கர வாகன ஓசை கேட்டால் கதவு சாத்தப்படுகிறது. அந்த நிறுவனங்களுக்குப் பணம் எங்கிருந்து வருகிறது? பெருமளவு வங்கிகளிடமிருந்து. வங்கிக்கு? வைப்புகளிலிருந்து. மேலத்தெரு வீட்டின் வைப்புக்கு வரும் ஏழு விழுக்காடு, கீழத்தெருப் பெண்ணின் கூலியிலிருந்து பிரிந்து வந்ததாகவும் இருக்கலாம். இருவரும் ஒரே பள்ளிவாசலின் ஜமாஅத்தினர்.

வளைகுடாவில் நம் பிள்ளைகள் பலர் இருக்கிறார்கள். பத்துப் பேர் ஆளுக்கு 50,000 ரூபாயைத் திரும்பப் பெறும் கர்ழ் ஹஸனாவாக ஒதுக்கினால் ஐந்து லட்சம். 10,000 ரூபாய் வீதம் ஐம்பது குடும்பங்களுக்கு வட்டியில்லாக் கடன். கணக்கை எழுத மதரஸாவில் நாங்கள் இருக்கிறோம். பெரிய வங்கி வேண்டியதில்லை. ஒரு நோட்டும், நம்பத்தக்க மூவரும், வாங்கியதைத் திருப்பும் ஈமானும் போதும்.

இறுதி ஹஜ்ஜின் பேருரையில் அறியாமைக் காலத்து வட்டி அனைத்தையும் ரத்துச் செய்த நபி (ஸல்) அவர்கள், முதலில் ரத்துச் செய்தது தம் சிறிய தந்தை அப்பாஸ் (ரலி) அவர்களுக்கு வரவேண்டிய வட்டியை. தம் வீட்டிலிருந்து தொடங்கினார்கள். நாமும் நம் வீட்டுப் பாஸ்புக்கிலிருந்து தொடங்குவோம்.

யா அல்லாஹ், தூர தேசத்தில் உழைக்கும் எங்கள் பிள்ளைகளின் உணவை ஹலாலாக்குவாயாக. அவர்கள் அனுப்பும் செல்வத்தை எங்கள் வீடுகளில் தூய்மையாக நிலைக்கச் செய்வாயாக. விதவைகள், அநாதைகளின் பங்கை எங்கள் வயிறுகளில் நெருப்பாக்கிவிடாதே. ஆமீன், யா ரப்பல் ஆலமீன்.

வஸ்ஸலாம்.